கங்காணி

படிவத்தில் ஒரு கேள்வி:
இந்த நாயை ஏன் தத்தெடுக்கிறீர்கள்?
பதிலுக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
காப்பகத்துப் பெண் சுபிஜா பேனாவை நீட்டினாள்.
எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
டென்னிசன் எட்டிப் பார்த்து
"பஸ்சுக்கும் பைசா குடுத்து நாகர்கோவில் வரைக்கும் வந்தது
இந்தப் பாதிப் பட்டிக்கா?" என்றான்.
அதையே எழுதியிருக்கலாம்.

முன்பாதி நாய்.
பின்பாதி,
திற்பரப்பில் குளிக்கப் போன ஏதோ காரின்
அவசரம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
கண்ணைப் பார்த்துக் குனிந்தார்களாம்,
காலைப் பார்த்து நிமிர்ந்துவிட்டார்களாம்.
நான் பல்லைப் பார்த்தேன்.
வீட்டுக்கு வந்த அன்றே என் பெருவிரலில்
நாலு பல் வரிசையாய்ப் பதிந்தது.
வாய் வேலை செய்கிறது என்று
தண்ணீர் வைத்தேன்.

மூத்திரம் தானாகப் போகாது.
நாளைக்கு நாலு தடவை
அடிவயிற்றில் கைவைத்துத் தேடவேண்டும்.
கண்ணிமாங்காய் போல ஒன்று
விரலுக்கு வழுக்கி ஒளியும்.
பிடித்துப் பைய அமுக்கவேண்டும்.
பத்தொன்பது வருடம் ரப்பர் வெட்டிய கை.
பட்டைக்குள் எவ்வளவு போகலாம்,
எந்த மயிரிழையில் நிறுத்தாவிட்டால்
மரம் முண்டு கட்டும் என்று
அதற்குத் தெரியும்.
முதல் வாரம் இரண்டு பேரும் நனைந்தோம்.

எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள்
யார் அமுக்கியது என்று நான் கேட்கவில்லை.
டென்னிசனின் கைலி மூன்று
கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இழுத்து இழுத்து முட்டியெல்லாம் புண்.
சக்கரம் வைத்த வண்டி ஏழாயிரமாம்.
எங்களிடம் பைசா இல்லை, பால் உண்டு.
அவனுடைய பழைய காலுறையை வெட்டி
வாளியில் முக்கி
ஆசிட் இரண்டு சொட்டு விட்டு
வெயிலில் ஒரு நாள், புகைப்புரையில் மூன்று நாள்.
தேன் நிறத்தில் ஒரு ஜோடு.
இப்போது நாய்க்கு ஷீட்டின் வாசம்.
எடை போட வந்த கிறிஸ்துதாஸ்
"இது எத்தனாம் நம்பரு சரக்கு?" என்று சிரித்தான்.
அவன் போகும்வரை குரைத்தது,
தராசைப் பார்த்து.

வெட்டுக்குப் போவது மூன்று மணிக்கு.
கட்டிவைத்தும் கயிற்றைக் கடித்துவிட்டு
சருகுக்குள் சர்ரென்று பின்னால் வரும்.
நெற்றி விளக்கின் வட்டத்துக்கு வெளியே
அந்தச் சத்தம் நின்றால் நானும் நிற்பேன்.
வரிசைக்கு ஒரு மரத்தடியில்
முன்காலை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும்.
சிரட்டையைத் துடைத்துவிட்டு
நான் கொஞ்சம் இடுப்பை நிமிர்த்தினால் போதும்,
ஒரு குரை.
எஸ்டேட்டில் அம்மாவை வேலை வாங்கியவர்கூட
மூச்சுவிட நேரம் கொடுப்பாராம்.
அப்படி வந்த பெயர்தான் கங்காணி.

அடுத்த வீட்டு ஓமனபாய்
ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதெல்லாம்
வேலியைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள்:
"ஒனக்க நல்ல மனசுக்குக் கர்த்தர் கைவிடமாட்டாரு பிள்ளே.
பாவம், வாயில்லா சீவன்."
இந்த ஆடியில் அவளுடைய கோழி இரண்டு காணாமல் போயிற்று.
கீரி என்றாள்.
பிறகு மரநாய் என்றாள்.
மேற்கு வீட்டு நல்ல நாலுகால் நாயைக்கூடத் திட்டினாள்.
எங்கள் முற்றத்தைப் பார்த்து மட்டும்
பெருமூச்சு விட்டாள்.

நேற்று ராத்திரி முழுக்க மழை.
விடிந்தபோது
அடுக்களை வாசலிலிருந்து வேலி இடுக்கு வழியாக
அவளுடைய கோழிக்கூடு வரைக்கும்
சேற்றில் ஒரே இழுவை,
போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று.
கங்காணி படியில் கிடந்தது.
மூக்கு நுனியில் ஒரு சின்னச் சிவப்புத் தூவல்
மூச்சுக்கு மூச்சு ஆடியது.

வாரியலை எடுத்துக்கொண்டு
படியிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.
பாதி முற்றம் வந்து தலை நிமிர்ந்தால்,
வேலிப் பக்கமிருந்து
தென்னமட்டையால் சேற்றை நிரவிக்கொண்டு
சத்தமில்லாமல் வருகிறான்
டென்னிசன்.